ஹாலிவுட்டின் பிரம்மாண்ட மியூசிக்கல்கள் ஏன் சரிந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். தொகைகள் எல்லாம் அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பில் உள்ளன. இன்றைய விலைவாசிக்கு மாற்றவில்லை.

மியூசிக்கல்னா என்ன? பாட்டு இருக்கிற எல்லாப் படமும் மியூசிக்கல்தானே?

இல்லை. பின்னணியில் பாட்டு ஓடினால் அது மியூசிக்கல் ஆகாது. பாத்திரங்களே பாடி ஆட வேண்டும். அந்தப் பாட்டு கதையை ஓரடியாவது நகர்த்த வேண்டும். பாட்டை வெட்டி எடுத்தால் கதையில் ஓட்டை விழுமா என்று பாருங்கள். விழுந்தால் அது மியூசிக்கல். 1977-ல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' முழுக்கப் பாட்டும் ஆட்டமும்தான். ஆனால் அதில் யாரும் கதையை நகர்த்தப் பாடுவதில்லை. அது வேறு வகை.

பொற்காலம்னு எந்த வருஷங்களைச் சொல்றாங்க?

பொதுவாக 1933 முதல் 1958 வரை. நடுவில் உச்சம் என்றால் எம்.ஜி.எம். நிறுவனத்தில் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் நடத்திய பிரிவு: 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' (1944), 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951), 'சிங்கின் இன் த ரெயின்' (1952), 'த பேண்ட் வேகன்' (1953), 'ஜிஜி' (1958).

அதற்குப் பிறகு 1960களில் வந்தவை எண்ணிக்கையில் குறைவு, அளவில் மிகப் பெரியவை. 'பிரம்மாண்ட மியூசிக்கலின் வீழ்ச்சி' என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தின் முடிவையே, அதாவது 1967 முதல் 1970 வரை நடந்ததையே குறிக்கிறார்கள்.

மியூசிக்கல் படுத்தது அதுதான் முதல் தடவையா?

இரண்டாம் தடவை. பேசும் படம் வந்த புதிதில், 1929-ல், எல்லா ஸ்டூடியோவும் பாட்டுப் படத்தில் குதித்தன. அந்த ஆண்டின் 'பிராட்வே மெலடி' சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. அடுத்த ஆண்டே திகட்டிவிட்டது. 'இது பாட்டுப் படம் அல்ல' என்று தியேட்டர்காரர்கள் விளம்பரம் செய்யும் நிலை வந்தது. எடுத்து முடித்த படங்களிலிருந்து பாட்டை வெட்டிவிட்டு வெளியிட்டார்கள்.

1933-ல் '42வது தெரு' மீட்டது. நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி மேடையைப் படம் பிடிப்பதை விட்டு, கேமராவை மேலே ஏற்றி, ஆட்களைக் கோலம்போல அடுக்கினார். அன்று மீள முடிந்ததற்குக் காரணம், ஸ்டூடியோக்களின் அடித்தளம் அப்படியே இருந்ததுதான். 1970-ல் அந்த அடித்தளமே இல்லை. இரண்டு வீழ்ச்சிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான்.

ஒரு பாட்டு சீன் எடுக்க அப்படி என்ன செலவு ஆகிடும்?

வரிசையாகப் பாருங்கள். முதலில் நடன இயக்குநரும் குழுவும் வெறும் தளத்தில் வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். பிறகு பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு பாட்டை முன்கூட்டியே பதிவு செய்வார்கள். படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டு நடிகர்கள் வாயசைப்பார்கள். ஆட்டத்தைத் தலை முதல் கால் வரை தெரியும்படி நீளமான ஷாட்டில் எடுப்பதால், ஒரு கால் பிசகினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, டேப் நடனத்தின் காலடிச் சத்தத்தைத் திரையைப் பார்த்துக்கொண்டே பலகைமேல் ஆடித் தனியாகப் பதிவு செய்வார்கள். வசனக் காட்சியில் மூன்று பக்கம் முடிகிற நேரத்தில் இங்கே அரை நிமிடம் தேறினால் அதிகம். நாற்பது பேர் ஆடினால் நாற்பது பேருக்கும் அளவெடுத்துத் தைத்த உடை, காலணி.

'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தின் கடைசி 17 நிமிட பாலேவுக்கு மட்டும் சுமார் 5 லட்சம் டாலர் ஆனது. மறு ஆண்டு வந்த 'சிங்கின் இன் த ரெயின்' மொத்தமாகவே சுமார் 25 லட்சம் டாலரில் முடிந்தது. இவ்வளவு வேலை இருந்தும் அந்தத் தொகையில் முடிக்க முடிந்ததற்குக் காரணம் சம்பளப் பட்டியல். ஆர்கெஸ்ட்ரா, இசைக்கோர்ப்பாளர், தையல் பிரிவு, நடனக்காரர்கள், நட்சத்திரம் எல்லாரும் ஸ்டூடியோவின் ஒப்பந்த ஆட்கள். ஒரு படத்தில் வேலை முடிந்தால் அடுத்த படத்துக்குப் போவார்கள். செட்டும் உடையும் அப்படித்தான்.

டிவி வந்ததாலதான் அழிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 1960-ல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் டிவி இருந்தது. வாரம் தவறாமல் ஆட்டம் பாட்டோடு இலவச நிகழ்ச்சிகள் வந்தன. ஆனால் அதற்கும் முன்பே, 1948-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுன்ட் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. அதன் விளைவாக ஸ்டூடியோக்கள் தங்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று. எடுத்த படத்துக்கு எப்படியும் திரை உண்டு என்ற உத்தரவாதம் போனது. படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் நிரந்தர ஆட்களுக்குச் சம்பளம் கட்டாது. 1958-ல் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபின் ஸ்டூடியோக்களின் ஒப்பந்த ஆர்கெஸ்ட்ரா முறையும் முடிந்தது.

ஆக, டிவியும் தீர்ப்பும் சேர்ந்து கொன்றது நடுத்தர மியூசிக்கலை. வருடத்துக்கு ஏழெட்டு எடுத்தால் இரண்டு ஓடாவிட்டாலும் மற்றவை தாங்கும் என்ற ஏற்பாடு அது. அது போனதும் ஸ்டூடியோக்கள், டிவியால் காட்ட முடியாததைக் காட்டலாம் என்று அகலத் திரைக்கும் 70 எம்.எம்.முக்கும் திரும்பின. பிரம்மாண்ட மியூசிக்கல் பிறந்ததே அப்படித்தான்.

ரோட்ஷோ, ரோட்ஷோன்னு படிச்சிருக்கேன். அது என்ன?

படத்தை நாடகம்போல வெளியிடும் முறை. பெருநகரங்களில் ஓரிரு பெரிய தியேட்டர்களில் மட்டும் படம் ஓடும். நாளைக்கு இரண்டு காட்சி, எண் போட்ட இருக்கை, முன்பதிவு, வழக்கத்தைவிட அதிக டிக்கெட் விலை. படம் தொடங்குமுன் திரை மூடியபடியே ஆர்கெஸ்ட்ரா இசை, நடுவில் இடைவேளை, விற்பனைக்கு அச்சிட்ட நினைவு மலர். இப்படி மாதக்கணக்கில் ஓடி ஊரெல்லாம் பேச்சு பரவிய பிறகுதான் சாதாரண தியேட்டர்களுக்கு வரும்.

இதற்கு மூன்று மணி நேரப் படம் வேண்டும், 70 எம்.எம். பிரதியும் ஆறு தட காந்த ஒலியும் வேண்டும். அகலத் திரையில் செட்டின் ஓரமெல்லாம் தெரியும் என்பதால் செட்டைப் பெரிதாகக் கட்ட வேண்டும். செட் பெரிதானால் அதை நிரப்ப ஆட்கள் வேண்டும். வெளியீட்டு முறையே படத்தின் செலவைத் தீர்மானித்தது. இது வேலை செய்ய ஒரே நேரத்தில் ஊரில் இரண்டு மூன்று ரோட்ஷோக்கள்தான் இருக்கலாம். 1967-க்குப் பிறகு வரிசையாக வந்து முட்டிக்கொண்டன. பார்வையாளர்களோ நகர நடுவிலிருந்து புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' அவ்ளோ பெரிய ஹிட் ஆச்சே. அப்புறம் எப்படி வீழ்ச்சி?

அந்த வெற்றிதான் பொறி. 1963-ல் 'கிளியோபாட்ரா' படத்தின் செலவால் மூழ்கவிருந்த ஃபாக்ஸ் நிறுவனம், 1965-ல் சுமார் 82 லட்சம் டாலரில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தது. அது 'கான் வித் த விண்ட்' வைத்திருந்த வசூல் சாதனையையே தாண்டியது. முந்தைய ஆண்டு 'மை ஃபேர் லேடி'யும் 'மேரி பாப்பின்ஸ்'ஸும் ஓடியிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த எல்லா ஸ்டூடியோவும் ஒரே முடிவுக்கு வந்தன: பெரிய மேடை நாடகத்தின் உரிமையை வாங்கு, 70 எம்.எம்.மில் எடு, ரோட்ஷோவில் விடு.

ஆனால் இப்படிப்பட்ட படத்துக்கு உரிமை வாங்கி, எழுதி, செட் கட்டி, எடுத்து முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 1965-ல் போட்ட பணம் திரைக்கு வந்தது 1967 முதல் 1970 வரை. அதற்குள் 'பானி அண்ட் கிளைட்', 'த கிராஜுவேட்' (இரண்டும் 1967) வந்து இளைஞர்களைத் தம் பக்கம் இழுத்துவிட்டன.

எந்தெந்தப் படம் கவுத்துச்சு? பேரோட சொல்லுங்க.

'டாக்டர் டூலிட்டில்' (1967, ஃபாக்ஸ், சுமார் 1.7 கோடி டாலர்). விலங்குகளோடு பேசும் மருத்துவரின் கதை. இங்கிலாந்தில் காசில் கோம்ப் என்ற கிராமத்தில் கோடையில் எடுக்கப் போனார்கள், மழை விடவில்லை. பிரிட்டனின் தனிமைப்படுத்தல் சட்டத்தால் கலிஃபோர்னியாவில் பழக்கிய விலங்குகளைப் பயன்படுத்த முடியாமல், அங்கேயே வேறு விலங்குகளைப் பிடித்துப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. திட்டமிடும்போதே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம்.

'ஸ்டார்!' (1968, ஃபாக்ஸ், சுமார் 1.4 கோடி). 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கின் அதே இயக்குநர் ராபர்ட் வைஸ், அதே நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். படுத்ததும் வெட்டிச் சுருக்கி, பெயரையும் மாற்றி மறுபடி விட்டார்கள்; அப்போதும் ஓடவில்லை. 'பெயின்ட் யுவர் வேகன்' (1969, பாரமவுன்ட், சுமார் 2 கோடி). ஒரிகான் மாநிலத்தில் பேக்கர் நகரத்தை அடுத்த மலைக்காட்டில் தங்கச் சுரங்க ஊர் ஒன்றையே கட்டினார்கள். அது கடைசிக் காட்சியில் இடிந்து விழவும் வேண்டும். பக்கத்தில் தங்க இடமில்லாததால் ஆட்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். 'டார்லிங் லில்லி' (1970, பாரமவுன்ட், சுமார் 2.5 கோடி) அயர்லாந்து வானிலைக்காகக் காத்துக்கிடந்தே செலவை ஏற்றியது.

எல்லாவற்றிலும் ஒரே பழுது தெரியும். ஒப்பந்த ஆட்களும் ஸ்டூடியோ வளாகமும் கைவசம் இருந்த காலத்தின் கதைகளை, நாள் கூலிக்கு ஆள் பிடித்து வெளியூரில் எடுத்தார்கள். மழையில் நின்ற ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம்.

'ஹலோ, டாலி!' அமெரிக்காவில மட்டும் 3.3 கோடி வசூல்னு போட்டிருக்கு. செலவு 2.5 கோடி. அப்ப லாபம்தானே?

இந்தக் குழப்பம் நம்மூர் வசூல் கணக்கிலும் உண்டு. டிக்கெட் விற்ற மொத்தத் தொகை வேறு, தியேட்டர் தன் பங்கை எடுத்தபின் வரும் ஷேர் வேறு. 3.3 கோடியில் ஸ்டூடியோ பக்கம் வந்த ஷேர் சுமார் 1.5 கோடி. அதிலிருந்து பிரதிகளுக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவையும் கழிக்க வேண்டும். தோராயமாக, தயாரிப்புச் செலவைப்போல இரண்டரை மடங்கு மொத்த வசூல் வந்தால்தான் முதல் தேறும். 1969-ல் வெளியாகி அமெரிக்காவில் அதிகம் வசூலித்த முதல் பத்துப் படங்களில் ஒன்று, பெரும் நஷ்டப் படமாகவும் ஆனது இப்படித்தான்.

இன்னொரு சிக்கல் ஒப்பந்தத்தில் இருந்தது. மேடை நாடகம் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்வரை படத்தை வெளியிடக் கூடாது என்று விதி. 1968-ல் எடுத்த படம் கிடங்கில் கிடந்தது. கடனுக்கு வட்டி ஏறியது. கடைசியில் தனியாகப் பணம் கொடுத்துத்தான் 1969 டிசம்பரில் வெளியிட முடிந்தது. நாடகமோ 1970 டிசம்பர் வரை ஓடியது. அந்த ஆண்டு ஃபாக்ஸின் நஷ்டம் சுமார் 7.7 கோடி டாலர். அதில் போர்ப் படம் 'டோரா! டோரா! டோரா!'வுக்கும் பங்குண்டு, மியூசிக்கல்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

நடிகருக்குப் பாடவே வராதுன்னா ஏன் அவங்களைப் போட்டாங்க?

கோடிகளில் பணம் போடும்போது வங்கிக்கும் விநியோகத்துக்கும் தெரிந்த முகம் வேண்டும். முன்பு இதை மறைமுகக் குரலால் சமாளித்தார்கள். 'த கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நட்டாலி வுட், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய மூவருக்கும் பாடியவர் மார்னி நிக்சன். படத்தில் அவர் பெயர் வராது. இது பெரிய அநீதி.

பிற்பாடு நட்சத்திரங்களைச் சொந்தக் குரலிலேயே பாடவிட்டார்கள். 'பெயின்ட் யுவர் வேகன்' படத்தில் லீ மார்வினும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் பாடினார்கள். மார்வினின் கரகரத்த பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு பாட்டு பிடிப்பது வேறு, அந்தக் குரல்களோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு.

ராக் மியூசிக் வந்து பாட்டு ரசனையே மாறினதுதான் காரணமோ?

ரசனை மாறியது. பணம் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் தெளிவாகும். பீட்டில்ஸ் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) கருப்பு வெள்ளையில் மிகச் சிறிய செலவில் எடுத்தது. 1970-ல் 'வுட்ஸ்டாக்' இசைவிழா ஆவணப்படம் பெரிய மியூசிக்கல்களைவிட நன்றாக ஓடியது. இசைக்குக் கூட்டம் குறையவில்லை. அதற்கு 'ஹலோ, டாலி!'போல 1890-ஆம் ஆண்டின் நியூயார்க் தெருவைக் கட்டத் தேவையில்லாமல் போனது.

ஆனால் இதை மட்டும் காரணமாக்க முடியாது. 'ஃபன்னி கேர்ள்', 'ஆலிவர்!' இரண்டும் 1968-ல் நன்றாக ஓடின, 'ஆலிவர்!' சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. இரண்டிலும் பழைய பாணிப் பாட்டுதான்.

1970-க்கு அப்புறம் ஓடின மியூசிக்கலே இல்லையா?

உண்டு. ஒவ்வொன்றும் செலவை வேறு விதமாக அடக்கியது. 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' (1971) சுமார் 90 லட்சத்தில் முடிந்தது. 'காபரே' (1972) படத்தில் இயக்குநர் பாப் ஃபாஸி ஏறத்தாழ எல்லாப் பாட்டையும் ஒரு சின்ன இரவு விடுதி மேடைக்குள் அடைத்தார். செலவு மிச்சம், தெருவில் திடீரென்று ஏன் பாடுகிறார்கள் என்ற கேள்வியும் எழவில்லை. எட்டு ஆஸ்கர். 'கிரீஸ்' (1978) சுமார் 60 லட்சத்தில் எடுத்துப் பேய் ஓட்டம் ஓடியது.

பழைய வழியில் போனவை பழையபடி விழுந்தன. 'த விஸ்' (1978) சுமார் 2.4 கோடி. இயக்குநர் கொப்போலாவின் 'ஒன் ஃப்ரம் த ஹார்ட்' (1982) லாஸ் வேகாஸ் நகரத்தையே ஸ்டூடியோவுக்குள் கட்டி 2.6 கோடி செலவழித்தது. அமெரிக்க வசூல் 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 'ஆனி' (1982) படத்துக்கு மேடை உரிமை மட்டுமே 95 லட்சம்.

டிஸ்னி கார்ட்டூன் பாட்டுப் படங்களைக் கணக்கில எடுக்கலாமா?

கட்டாயம். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் நியூயார்க் மேடையிலிருந்து வந்து 'த லிட்டில் மெர்மெய்ட்' (1989), 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) செய்தார்கள். மேடை மியூசிக்கலின் இலக்கணம் அப்படியே அதில் இருக்கிறது: நாயகி தன் ஆசையைச் சொல்லும் பாட்டு முதல் அரை மணிக்குள் வந்துவிடும். அனிமேஷனில் நிரந்தரக் கலைஞர் படையும் இருந்தது. மேலே சொன்ன சம்பளப் பட்டியல் முறை அங்கே மட்டும் பிழைத்தது என்று சொல்லலாம்.

நம்ம படங்கள்ல பாட்டு இன்னைக்கும் இருக்கே. அங்க மட்டும் ஏன் போச்சு?

இங்கே மியூசிக்கல் என்று தனி வகை கிடையாது. சண்டைப் படத்திலும் குடும்பப் படத்திலும் பாட்டு உண்டு, அதனால் ஒரு வகை படுத்தால் பாட்டும் சேர்ந்து படுக்காது. பாட்டின் உரிமையைத் தனியாக விற்கலாம். பின்னணிப் பாடகரை மறைப்பதில்லை; அவர் பெயருக்கே படம் விற்கும். மார்னி நிக்சன் கதையோடு ஒப்பிட்டால் புரியும். ஹாலிவுட்டிலோ பாட்டும் படமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

இப்ப டிரெய்லர்ல பாட்டையே காட்டாம மறைக்கிறாங்களே, ஏன்?

'வோங்கா' (2023), 'மீன் கேர்ள்ஸ்' (2024) இரண்டுக்கும் அப்படித்தான் செய்தார்கள். மியூசிக்கல் என்று தெரிந்தால் ஒரு பகுதி ஆட்கள் வரமாட்டார்கள் என்ற பயம். 1930-ன் 'பாட்டுப் படம் அல்ல' விளம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தன் படத்தின் உயிரையே மறைத்து விற்பது சரியான வழி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ஸ்பீல்பெர்க் எடுத்தே ஓடலை. 'விக்கெட்' எப்படி ஓடுச்சு? 'லா லா லேண்ட்' எப்படி?

ஸ்பீல்பெர்க்கின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (2021) அருமையான படம். செலவு சுமார் 10 கோடி, உலக வசூல் சுமார் 7.6 கோடி. கொரோனா அலை மறுபடி எழுந்த டிசம்பரில் வந்தது. அதைத் தேடி வரக்கூடிய வயதானவர்கள் வீட்டில் இருந்தார்கள். 'விக்கெட்' (2024) படத்துக்குச் சுமார் 15 கோடி செலவு. நிஜ டூலிப் செடிகளையே லட்சக்கணக்கில் நட்டார்கள். ஆனால் 2003 முதல் பிராட்வேயில் ஓடும் நாடகத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை தயாராக இருந்தது. வசூல் 70 கோடியைத் தாண்டியது.

'லா லா லேண்ட்' (2016) இன்னொரு பாதை. மொத்தமே சுமார் 3 கோடி. தொடக்கத்தில் வரும் நெடுஞ்சாலைப் பாட்டை, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மேம்பாலத்தை வாரக்கடைசியில் மூடி இரண்டு நாளில் எடுத்தார்கள். ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் மூன்று ஷாட்களை ஒட்டியது. ஒத்திகையை முன்பே முடித்துவிட்டதால்தான் அந்த இரண்டு நாள் போதுமானதாயிற்று.

இதெல்லாம் தெரிஞ்சுக்க எந்தப் படங்களை எந்த வரிசையில பார்க்கலாம்?

முதலில் 'சிங்கின் இன் த ரெயின்'. ஷாட் எத்தனை நொடி நீள்கிறது, கால் எப்போதாவது ஃபிரேமுக்கு வெளியே போகிறதா என்று கவனியுங்கள். அடுத்து 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்', முடிந்தவரை பெரிய திரையில். பிறகு 'ஹலோ, டாலி!'. அதன் ஊர்வலக் காட்சி வரும்போது நிறுத்தி, தெருவின் இரு பக்கமும் நிற்கிறவர்களின் தொப்பி, குடை, சட்டைக் கை எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றையும் யாரோ தைத்திருக்கிறார்கள். அந்தத் தெரு ஃபாக்ஸ் வளாகத்தில் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. அதைப் பார்த்த கையோடு 'காபரே'யைப் போடுங்கள்.